தேதி குறிக்காத எதிர்பார்ப்பு

கேள்வி: அமெரிக்காவில் நடுத்தர நிலையிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணியில் நான்கு ஆண்டுகளாகக் காணொளி ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். எங்கள் தலைமைப் பயிற்சியாளரை, பல தேசியப் பட்டங்களை வென்ற, அரங்கின் கூரையெங்கும் வெற்றிப் பதாகைகள் தொங்கும் ஒரு பல்கலைக்கழகம் இந்த ஏப்ரலில் நியமித்திருக்கிறது. என்னையும் உடன் வரச் சொல்கிறார். அவர் அங்கே ஒரு பயிற்சி கூட நடத்தவில்லை. அதற்குள் முன்னவரோடு ஒப்பிட்டுப் பேசத் தொடங்கிவிட்டார்கள். அவருக்கு எத்தனை ஆண்டு அவகாசம் கிடைக்கும்? இந்த எதிர்பார்ப்பு நியாயமானதுதானா? என் மனைவிக்கு ஜூன் இறுதியில் பிரசவம். ஊரிலிருக்கும் அப்பா, "பெரிய இடம், யோசிக்காமல் போ" என்கிறார். நான் போகலாமா? (பெயரும் இடமும் வெளியிட வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

போகலாம் என்பதே என் கருத்து. ஆனால் போவதற்கு முன் சில வாக்கியங்களை உங்கள் பயிற்சியாளரின் வாயிலிருந்தும், சிலவற்றை எழுத்திலும் பெற்றுக்கொள்ள வேண்டும். அவை எவை என்பதைச் சொல்லத்தான் இந்த நீண்ட பதில்.

எத்தனை ஆண்டு அவகாசம் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பல்கலைக்கழகத்திலேயே இதற்கு ஒரே விடை இருக்காது. விளையாட்டுத் துறை இயக்குநர் மனத்தில் ஒரு கணக்கு இருக்கும். அவரை நியமித்த பல்கலைக்கழகத் தலைவரிடம் வேறொன்று இருக்கும். 'பூஸ்டர்' என்று நீங்கள் அழைக்கும் பெரும் நன்கொடையாளர்களிடம் மூன்றாவதாக ஒன்று இருக்கும். பட்டம் வேண்டும் என்பதில் அனைவரும் ஒருமித்திருப்பார்கள். எந்த ஆண்டுக்குள் என்பதை மட்டும் எவரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள். பயிற்சியாளர்களின் பணி ஒப்பந்தங்களைப் படித்து ஆலோசனை சொல்வதைத் தொழிலாகக் கொண்டவன் நான். புகழ்பெற்ற அணிகளில் புதியவர்களை வீழ்த்துவது, நான் பார்த்த அளவில், பெரும்பாலும் இந்தக் குறிக்கப்படாத கெடுதான். பட்டம் கேட்பதில் தவறில்லை. அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். கெடு எது என்று தெரியாமல் கடன் வாங்கியவனின் நிலைதான் இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறது.

இதற்கு மிகத் தெளிவான சான்று யுசிஎல்ஏ என்னும் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கலிபோர்னியா பல்கலைக்கழகம். அதன் பயிற்சியாளர் ஜான் வுடன் 1964 முதல் 1975 வரையிலான 12 ஆண்டுகளில் 10 தேசியப் பட்டங்களை வென்றவர். அவற்றில் 7 தொடர்ச்சியாக வந்தவை. 1974இல் அரையிறுதியில் தோற்ற அவர் 1975இல் கென்டக்கியை 92-85 என வீழ்த்திப் பத்தாவது பட்டத்தோடு ஓய்வு பெற்றார். அந்த வெற்றிக்குப் பின் ஓர் ஆதரவாளர் தன்னிடம் வந்து, சென்ற ஆண்டு கைவிட்டதற்கு இது ஈடாகிவிட்டது என்ற பொருளில் பேசியதாக வுடன் தாமே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பத்துப் பட்டம் வாங்கித் தந்தவருக்கே கிடைத்த பாராட்டு இது என்றால், அவருக்குப் பின் வந்தவரின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

அப்படி வந்தவர் ஜீன் பார்ட்டோ. சாதாரணமானவர் அல்லர், 1973இல் மெம்ஃபிஸ் ஸ்டேட் அணியை இறுதிப் போட்டி வரை கொண்டு சென்று, அங்கே வுடனின் அணியிடமே தோற்றவர். யுசிஎல்ஏவில் இரண்டு பருவங்களில் 52 வெற்றி, 9 தோல்வி. முதல் ஆண்டிலேயே கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக 'ஃபைனல் ஃபோர்' வரை சென்று, அவ்வாண்டு ஒரு தோல்வியும் காணாத இந்தியானாவிடம் வீழ்ந்தார். நூற்றுக்கு எண்பத்தைந்து வெற்றி பெற்ற அந்த மனிதர் 1977இல் அந்தப் பதவியை விட்டுவிட்டு, கூடைப்பந்து அணியே இல்லாதிருந்த அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் முதலிலிருந்து ஓர் அணியைக் கட்டப் போனார். அங்குள்ள அரங்கு இன்றும் அவர் பெயரில் நிற்கிறது. ஒப்பிட ஆளில்லாத இடத்தைத் தேடிப் போனார் என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன். யுசிஎல்ஏவுக்கு அடுத்த பட்டம் 1995இல்தான் கிடைத்தது. அதற்குள் பார்ட்டோவையும் சேர்த்து ஆறு பேர் அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தார்கள்.

இங்கே ரசிகர்கள் மறந்துவிடும் ஒன்றுண்டு. வுடன் அங்கே வந்தது 1948இல். முதல் பட்டம் கிடைத்தது 1964இல், அதாவது அவருடைய பதினாறாவது பருவத்தில். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1961இல் பொறுப்பேற்ற டீன் ஸ்மித்தின் உருவபொம்மையை 1965இல் மாணவர்கள் வளாகத்தில் தூக்கில் தொங்கவிட்டார்கள். தோற்றுத் திரும்பிய அணியின் பேருந்திலிருந்து அவர் அதைப் பார்த்தார். அவருக்கு முதல் பட்டம் 1982இல். புதியவரை ஒப்பிடும்போது எவரும் முன்னவரின் நான்காவது ஆண்டை எடுத்து வைத்து ஒப்பிடுவதில்லை; உச்சத்தில் இருந்த ஆண்டைத்தான் எடுக்கிறார்கள். உங்கள் பயிற்சியாளர் போகும் இடத்தில் முன்னவரின் முதல் மூன்று பருவங்களின் வெற்றி தோல்விக் கணக்கை இன்றிரவே தேடி எடுத்துப் பாருங்கள். வெளியில் சொல்லிப் பயனில்லை; உள்ளே இருப்பவர்களுக்கு நிதானம் தரும்.

ஆனால் அந்தப் பழைய பொறுமை இன்றும் கிடைக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். இதை இரண்டு எண்களால் விளக்கிவிடலாம். டியூக் பல்கலைக்கழகத்தில் மைக் ஷஷெவ்ஸ்கி 1980இல் பொறுப்பேற்று முதல் மூன்று பருவங்களில் பெற்றது 38 வெற்றி, 47 தோல்வி. வில்லனோவாவில் ஜே ரைட் 2022இல் ஓய்வு பெற்றபின் வந்த கைல் நெப்டியூன் முதல் மூன்று பருவங்களில் பெற்றது 54 வெற்றி, 47 தோல்வி. ஷஷெவ்ஸ்கியை டியூக்கின் விளையாட்டுத் துறை இயக்குநர் டாம் பட்டர்ஸ் காப்பாற்றி, 1984இல் ஒப்பந்தத்தையும் நீட்டித்தார். ஷஷெவ்ஸ்கி பின்னர் ஐந்து பட்டங்களை வென்றார். நெப்டியூன் 2025 மார்ச்சில் நீக்கப்பட்டார். அவர் நீடித்திருந்தால் பட்டம் வென்றிருப்பார் என்று நான் வாதிடவில்லை. மூன்று ஆண்டுகளில் ஒரு முறை கூட, தேசியப் பட்டத்தை முடிவு செய்யும் என்சிஏஏ தொடருக்குள் நுழையாததை, 2016இலும் 2018இலும் பட்டம் வென்ற ஓர் அணியின் ரசிகர்கள் பொறுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பொறுமை குறைந்ததற்கு மனித மனத்தை மட்டும் குறை சொல்வதில் பொருளில்லை, விதிகளே மாறிவிட்டன. 1980களில் ஒரு வீரர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். ஆகவே பயிற்சியாளர் இளம் வீரர்களைச் சேர்த்து, தோற்றுத் தோற்று, மூன்றாம் நான்காம் ஆண்டில் அவர்களை ஓர் அணியாக்க முடிந்தது. 2021இல் அந்தத் தடை நீங்கியது. அதே ஆண்டு ஜூலையில் வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பொருள் ஈட்டும் உரிமை பெற்றார்கள். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாக வீரர்களுக்குப் பணம் தரலாம். முதலாண்டில் ஒரு பல்கலைக்கழகத்தின் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய 2 கோடியே 5 லட்சம் டாலர் உச்சவரம்பு. இதன் விளைவு இருமுனைக் கத்தி. புதிய பயிற்சியாளர் ஒரே கோடையில் முழு அணியையும் கட்டிவிடலாம். எனவே 'கட்டிக்கொண்டிருக்கிறேன்' என்று சொல்லி இரண்டு ஆண்டுகளைக் கேட்கும் வாய்ப்பை அவர் இழந்துவிட்டார்.

2024இல் கென்டக்கியில் இதுதான் நடந்தது. எட்டுப் பட்டங்கள் வென்ற அந்த அணியின் பயிற்சியாளர் ஜான் கலிப்பாரி, தர வரிசையில் வெகு கீழே இருந்த ஓக்லாண்ட் என்ற சிறிய பல்கலைக்கழகத்திடம் முதல் சுற்றிலேயே தோற்றபின் ஆர்கன்சாவுக்குப் போனார். அவரிடத்துக்கு வந்தவர் 1996இல் அங்கே பட்டம் வென்ற அணியின் தலைவராக இருந்த மார்க் போப். அறிவிப்பு வந்த அன்று, இதைவிடப் பெரிய பெயரை எதிர்பார்த்திருந்த பலர் முகம் சுளித்தார்கள். சில நாள்களில் அறிமுகக் கூட்டத்துக்கு இருபதாயிரம் பேர் அமரும் ரப் அரங்கம் நிரம்பியது. முகச்சுளிப்பும் நிரம்பிய அரங்கும் ஒரே வாரத்தில், ஒரே மக்களிடமிருந்து வந்தவை என்பதை மனத்தில் வையுங்கள். ஏறக்குறைய முழு அணியையும் புதிதாகச் சேர்த்து, 24 வெற்றி 12 தோல்வியோடு, கடைசி பதினாறு அணிகள் வரை சென்றார். வேறெங்கும் அதற்குப் பட்டாசு வெடித்திருப்பார்கள். அங்கே அது அடுத்த ஆண்டுக்கான குறைந்தபட்சக் கோடாகிவிடுகிறது.

முதலாண்டு மிக நன்றாகப் போவதிலும் ஓர் ஆபத்து உண்டு. இதை உங்கள் பயிற்சியாளர் எண்ணியிருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளுங்கள். ராய் வில்லியம்ஸ் ஓய்வு பெற்றபின் 2021இல் வட கரோலினாவின் பொறுப்பேற்ற ஹ்யூபர்ட் டேவிஸ், ஷஷெவ்ஸ்கியின் கடைசி உள்ளூர் ஆட்டத்திலும், பின்னர் ஃபைனல் ஃபோரிலும் டியூக்கை வீழ்த்தினார். இறுதிப் போட்டியில் கேன்சஸை இடைவேளையின்போது 15 புள்ளிகள் பின்னுக்குத் தள்ளியிருந்து, கடைசியில் 69-72 எனத் தோற்றார். அடுத்த பருவம் தொடங்கும்போது அவருடைய அணி தர வரிசையில் முதலிடத்தில் இருந்தது. பருவம் முடியும்போது என்சிஏஏ தொடருக்கே தேர்வாகவில்லை. அந்தத் தொடர் 1985இல் 64 அணிகளாக விரிந்த பிறகு, முதலிடத்தில் தொடங்கிய எந்த அணிக்கும் அதுவரை நேராத ஒன்று. நல்ல முதலாண்டால் அவருக்கு அவகாசம் நீளவில்லை. கெடு முன்னே நகர்ந்தது.

இது நியாயமா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. தொடரின் பட்டத்தை வெல்லத் தொடர்ந்து ஆறு ஆட்டங்களை வெல்ல வேண்டும்; ஒன்றில் தவறினாலும் வீடு திரும்ப வேண்டும். 2025இல் 35 ஆட்டங்களை வென்றிருந்த டியூக், அரையிறுதியில் கடைசி ஒரு நிமிடத்தில் கூட முன்னிலையில் இருந்து, ஹூஸ்டனிடம் 67-70 எனத் தோற்றது. இப்படி நடக்கும் ஒரு தொடரை வைத்து ஒரு மனிதரின் ஆண்டு முழுவதையும் அளப்பது நியாயமில்லைதான். ஆனால் அந்த நியாயமின்மைதான் அரங்கை நிரப்புகிறது, தொலைக்காட்சிப் பணத்தைக் கொண்டு வருகிறது, உங்களுக்கு உங்கள் பயிற்சியாளர் சொல்லப்போகும் சம்பளத்தையும் தருகிறது. அதை வாங்கிக்கொண்டு நியாயம் கேட்பவர்களை நான் அதிகம் பொருட்படுத்துவதில்லை.

இனி, நீங்கள் கேட்காத, ஆனால் என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. பெரிய இடத்தில் எதிர்பார்ப்பு என்பது வெற்றியை மட்டும் பற்றியதன்று; வீட்டை எப்படி நடத்துகிறீர்கள் என்பதையும் பற்றியது. மாமியாரின் கைப்பக்குவத்தில் நாற்பது ஆண்டுகள் சாப்பிட்ட குடும்பத்துக்குள் நுழையும் மருமகள், முதல் வாரமே அஞ்சறைப்பெட்டியை இடம் மாற்றினால், குழம்பு நன்றாக இருந்தாலும் பேச்சு எழும். டீன் ஸ்மித் 1997இல் ஓய்வு பெற்றபோது, முப்பது ஆண்டுகள் அவரோடிருந்த துணைப் பயிற்சியாளர் பில் கத்ரிட்ஜ் பொறுப்பேற்று மூன்று ஆண்டுகளில் இரண்டு முறை ஃபைனல் ஃபோர் சென்றார். 2000இல் வந்த மாட் டோஹர்ட்டியும் அந்த வீட்டுப் பிள்ளைதான்; 1982இல் பட்டம் வென்ற அணியில் ஆடியவர். ஆனால் அவர் நோட்ரடாமில் தம்மோடிருந்த துணைப் பயிற்சியாளர்களை அழைத்து வந்தார். ஸ்மித் காலத்திலிருந்து அங்கே இருந்தவர்கள், அவர்களுள் ஊரே கொண்டாடிய முன்னாள் வீரர் ஃபில் ஃபோர்டும் ஒருவர், வெளியேற நேர்ந்தது. முதலாண்டில் 26 வெற்றி. நாட்டின் சிறந்த பயிற்சியாளர் விருதும் கிடைத்தது. இரண்டாமாண்டில் 8 வெற்றி, 20 தோல்வி. தொடர்ச்சியாக 27 ஆண்டுகள் என்சிஏஏ தொடரில் ஆடிவந்த மரபு அறுந்தது. தோல்வி வந்த அந்த நாளில் அவர் பக்கம் நின்று பேச வீட்டுக்குள் ஆளில்லை. 2003இல் பதவி விலகினார். அவர் சேர்த்து வைத்துவிட்டுப் போன இளம் வீரர்களைக் கொண்டுதான் ராய் வில்லியம்ஸ் 2005இல் பட்டம் வென்றார்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த அழைத்து வரப்பட்டவர்கள் இடத்தில்தான் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். உங்களுக்காக யாரோ ஒருவர் தம் மேசையைக் காலி செய்யப்போகிறார். அவர் அந்தக் கட்டடத்தில் பதினைந்து ஆண்டுகள் இருந்தவராகக் கூட இருக்கலாம். ஆகவே உங்கள் பயிற்சியாளரிடம், பழைய பணியாளர்களில் எவரை வைத்துக்கொள்ளப் போகிறார், முன்னாள் வீரர்களோடு தொடர்பைக் கவனிக்கப்போவது யார் என்று கேளுங்கள். ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளப் போவதில்லை என்றால் அது எனக்குக் கவலை தரும் பதில். போன முதல் மாதத்தில், உடைமைகளைக் கவனிக்கும் அலுவலரிடமும் காயச் சிகிச்சையாளரிடமும் பணிவாகப் பழகுங்கள். அந்த வீட்டின் வழக்கங்கள் எழுதி வைக்கப்பட்டிருப்பதில்லை. அவர்கள் நினைவில் இருக்கின்றன.

அடுத்தது காகிதம். 2007இல் கென்டக்கியில் நியமிக்கப்பட்ட பில்லி கில்லிஸ்பி, ஒரு புரிந்துணர்வுக் குறிப்பில் மட்டும் கையெழுத்திட்டு இரண்டு பருவங்கள் பணிபுரிந்தார்; முழு ஒப்பந்தம் கையெழுத்தாகவே இல்லை. 40 வெற்றி, 27 தோல்வியோடு 2009இல் நீக்கப்பட்டபோது, அந்தக் குறிப்பே ஒப்பந்தமா இல்லையா என்பது வழக்காகி, ஏறக்குறைய 30 லட்சம் டாலருக்குச் சமரசமாயிற்று. தலைமைப் பயிற்சியாளருக்காவது சமரசம் உண்டு. அவரோடு சேர்ந்து வெளியேறும் காணொளி ஒருங்கிணைப்பாளருக்குப் பெரும்பாலும் அந்த மாதச் சம்பளத்தோடு கதை முடிந்துவிடும். அவரை நீக்குவதற்குப் பல்கலைக்கழகம் தர வேண்டிய இழப்பீட்டில் உங்களுக்குப் பங்கில்லை. எனவே உங்கள் பணி ஆணை எத்தனை மாதங்களுக்கு, அவர் நீக்கப்பட்டால் உங்களுக்கு எத்தனை மாதச் சம்பளம், இடம்பெயரும் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். இரண்டு ஆண்டு ஆணை கிடைத்தால் நல்லது. ஓராண்டுதான் என்றால் வீடு வாங்க வேண்டாம், வாடகைக்கு இருங்கள்.

தலைமைப் பயிற்சியாளரிடம் தனியாக ஒரு கேள்வி கேளுங்கள்: "இரண்டாம் ஆண்டு முடிவில் நாம் எந்த நிலையில் இருந்தால் இயக்குநர் திருப்தி அடைவார் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறாரா?" டீன் ஸ்மித்துக்கு அந்தப் பதில் இருந்தது. விதிமீறலுக்காக அணி தண்டனைக்கு உள்ளாகியிருந்த நேரத்தில் அவரை நியமித்த வேந்தர் வில்லியம் எய்காக், வெற்றி தோல்வியைவிட நேர்மையான அணியே தமக்கு வேண்டும் என்று சொல்லித்தான் பொறுப்பைக் கொடுத்தார். உருவபொம்மை தொங்கிய ஆண்டிலும் ஸ்மித் நிலைத்ததற்கு அந்த உரையாடல் ஒரு காரணம். உங்கள் பயிற்சியாளர் "அதெல்லாம் கேட்கவில்லை, வென்றால் போதும்" என்று சிரித்தால், போகக் கூடாது என்பதில்லை. ஆனால் அடுத்த வேலைக்கான தொடர்புகளை இன்றிலிருந்தே உயிர்ப்போடு வைத்துக்கொள்ளுங்கள். அவர் நாள், அளவு என்று தெளிவாகச் சொன்னால், அந்த உரையாடலை நடத்தும் துணிவு அவருக்கு இருக்கிறது என்று பொருள். அத்தகையவரோடு தோற்றாலும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும்.

உங்கள் வேலையைப் பொறுத்தவரை, அங்கே உங்களிடம் எதிர்பார்ப்பது எதிரணியின் ஆட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டித் தருவதை மட்டும் அல்ல. ஏப்ரலில், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்புவோர் பதிவு செய்யும் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுக்கும் வீரர்களின் ஆட்டங்களைப் பார்த்து, இரவோடிரவாக இவர் வேண்டும், இவர் வேண்டாம் என்று துணைப் பயிற்சியாளர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். சினர்ஜி என்ற ஆட்டப் பகுப்பாய்வுச் சேவையில் புள்ளிவிவரம் எல்லோருக்கும் கிடைக்கும். தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒருவன் தடுப்பாட்டத்துக்குத் திரும்பி ஓடுகிறானா என்பதைப் பார்க்கும் கண் எல்லோருக்கும் இல்லை. அந்தக் கண் உங்களுக்கு இருப்பதால்தான் உங்களை அழைக்கிறார் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, பிரசவம். கோடைப் பயிற்சிகள் ஜூனில் தொடங்கும். புதிய அணிக்கு அதுதான் முதல் சந்திப்பு, அப்போது உங்களை விடுவது அவர்களுக்குச் சிரமம். ஆனால் அதை இப்போதே சொல்லி, எந்த இரண்டு வாரங்கள் இல்லாமல் இருப்பீர்கள் என்பதை மின்னஞ்சலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். புதிய பல்கலைக்கழகத்தின் மருத்துவக் காப்பீடு சேர்ந்த அன்றே தொடங்குகிறதா, அடுத்த மாதம் முதல் தேதியிலா என்று மனிதவளப் பிரிவிடம் கேளுங்கள். இடையில் ஒரு வாரம் விட்டுப்போகும் என்றால், பழைய காப்பீட்டைச் சொந்தப் பணத்தில் நீட்டிக்கும் கோப்ரா ஏற்பாட்டுக்குத் தொகையை ஒதுக்கி வையுங்கள். இப்போதைய மருத்துவரிடமே பிரசவம் பார்த்துக்கொள்ள உங்கள் மனைவி விரும்பினால், நீங்கள் முதலில் போய், அவர்கள் ஆகஸ்டில் வந்து சேர்வதும் நடக்கக்கூடியதே. எது வேண்டும் என்று அவரிடம் கேட்டுவிட்டுப் பயிற்சியாளருக்குப் பதில் சொல்லுங்கள்.